மடித்து நிரப்பிய தெற்கு

வடக்குக் கப்பல் பதிவேடு
எழுதுபவர்: ரோஸ்லின் பர்னாந்து, ஈர்ப்பலை அளவையாளர்

இணைவுக்கு 19 நாள் முன். 06:10

காற்று ஒழுங்கு. தண்ணீர் ஒழுங்கு. வெளியே அலை அளக்கும் மூன்று மிதவைகளும் முக்கோணமாக நிற்கின்றன, நடுவே லேசர் அறுபடவில்லை. அலை தொடர்ந்து வருகிறது, கருவி தொடர்ந்து வாங்குகிறது. கழிவறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. துணி சுற்றியிருக்கிறேன்.

இதை எடுத்துப் படிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஊருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போய்ச் சேர ஏழு ஆண்டு ஆகும். அதனால் விவரத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். எனக்குக் கீழே அறுபது கோடி கிலோமீட்டரில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பெரியவள் முப்பத்து நான்கு சூரியன் எடை, சின்னவள் இருபத்தேழு. சுற்றிலும் கொஞ்சம் வாயு. பத்தொன்பது நாளில் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்போது கிளம்பும் ஈர்ப்பலையை மேலேயிருந்தும் கீழேயிருந்தும் ஒரே நேரத்தில் அளப்பதுதான் எங்கள் வேலை.

மேலே நான் தனியாள். கீழே, அதாவது அவளுகளுக்கு அந்தப் பக்கம் அதே தூரத்தில், தெற்குக் கப்பல். அதில் மூன்று பேர். உமையாள் என்னைப் போலவே அளவையாளர். காரைக்குடிக்காரி, இருபத்தாறு வருடப் பழக்கம், ஆராய்ச்சி விடுதியில் ஒரே அறை. கப்பல் தலைவன் சேர்மதுரை, உடன்குடிப் பையன், முப்பத்தெட்டு வயது. எந்திரப் பொறுப்பு காயல்பட்டினத்து ஹாஜிரா. ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்குப் பேச்சு நேராகப் போகாது, நடுவில் கருந்துளைகள் இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் அஞ்சல் கோள் வழியாகச் சுற்றிப் போக எழுபது நிமிடம். இரண்டு கப்பலின் காற்று, தண்ணீர், ஆட்களின் துடிப்பு எல்லாம் என் நிலவரப் பலகையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு வரியாக எரியும்.

மேலே எறிந்த கல் உச்சியில் சற்று நிற்குமே, இரண்டு கப்பலும் இப்போது அப்படித்தான் நிற்கின்றன. பிறகு கீழே விழுவோம், அந்த வேகத்தையே பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவோம். என்னுடைய அறிக்கை போன மாதமே போய்விட்டது. மேலும் கீழும் அலை சமம், இணைந்த துளை மேலேயோ கீழேயோ நகராது, இரண்டு கப்பலும் அச்சிலேயே, அதாவது துளைக்கு நேர் மேலும் நேர் கீழுமாக, நிற்கலாம். சேர்மதுரை அதைப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டான்.

இணைவுக்கு 15 நாள் முன். 09:40

உமையாளிடமிருந்து செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"ரோஸ்லி, சாப்பிட்டியா? எங்க கருவி ஒருவழியா ஓட ஆரம்பிச்சிருச்சுடி. முப்பத்தாறு நாளாப் படுத்தி எடுத்துருச்சு சனியன். ஒரு சந்தேகம். உன் அறிக்கையில தெற்குப் பக்கத்துக்கும் கரும்புள்ளியாப் போட்டிருக்கியே, இருநூத்துப் பன்னெண்டு புள்ளி. எங்க கருவிதான் அப்ப ஓடவே இல்லையே. எங்கேருந்து அளந்தே? சும்மாதான் கேக்கிறேன். பதில் போடு."

சும்மாதான் கேட்கிறாள். எனக்குக் காதெல்லாம் சுட்டுவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கருந்துளைகள் தட்டையான ஒரே தளத்தில் சுற்றினால், மேலே போகும் அலையும் கீழே போகும் அலையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். மேலே போவது இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு போகும், கீழே போவது வலப்பக்கம், வலு ஒன்றே. அதனால் ஒரு பக்கத்தை அளந்தால் மறுபக்கத்தைக் கணக்கிலேயே நிரப்பிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் தாளில் மை ஊற்றி மடித்து வண்ணத்துப்பூச்சி செய்வோமே, அதேதான். இதற்கு மடிப்பது என்று பெயர். எல்லோரும் மடிப்பார்கள், தப்பில்லை. ஆனால் அளந்ததைக் கரும்புள்ளியாக வைக்க வேண்டும், மடித்ததை வெறும் வட்டமாக விட வேண்டும். முதல் வருட மாணவனுக்குக்கூட இது தெரியும்.

நான் மடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இந்தப் பயணத்தில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு பக்கமும் அளந்து சமம் என்று தெரிந்தால்தான் கப்பல்கள் அச்சில் நிற்கலாம். வட்டம் இருந்தால் தெற்குக் கப்பல் ஒதுங்கிப் போய்விட வேண்டும். ஒதுங்கினால் தெற்கிலிருந்து இணைவை அளக்க முடியாது. அளக்க முடியாவிட்டால், இந்த வகை இணைகளில் கண்ணாடி உடையவே உடையாது என்று இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பதற்கு நிரூபணம் கிடைக்காது. பாடப்புத்தகத்தில் என் பெயரில் விதி இருக்கிறது, நிரூபணம் இல்லை. அதற்காகத்தான். வேறொரு பெரிய காரணமும் கிடையாது.

சேர்மதுரை அப்போதே கேட்டான்: "அக்கா, இது அளந்ததா, மடிச்சதா?" நான் வாய் கூசாமல் "அளந்ததுதாம்ல" என்றேன்.

இப்போது உமையாளுக்கு அனுப்பிய பதில்: "அஞ்சல் கோள்ல ஒரு சின்னக் கருவி இருக்குல்லா, அதுல எடுத்தேன்."

அதே நாள். 12:15

அவள் பதில் வந்துவிட்டது. "அட, எனக்கு அது தோணவே இல்லையே! கெட்டிக்காரிடி நீ."

சாப்பாடு இறங்கவில்லை. குழாய் ஒழுகுவது நின்றிருக்கிறது.

இணைவுக்கு 12 நாள் முன். 11:05

உமையாள்: "ரோஸ்லி, சொல்லவே வெக்கமா இருக்கு. மூணு நாளா அளக்கிறேன். உன் பக்கம் நூறுன்னா என் பக்கம் தொண்ணூத்தாறுதான் வருது. உன்னோடது அளந்த கணக்கு, அதுல சமம்னு இருக்கு. அப்ப என்கிட்டதான் கோளாறு. எங்க கருவி கப்பலுக்குள்ளயே இருக்குல்ல, எஞ்சின் பம்பு அதிர்வுதான் அதைக் கெடுக்குதுன்னு ஹாஜிரா சொல்றா. எஞ்சினை முழுசா அணைச்சு, குளிர விட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். திரும்பச் சூடேத்த ஏழு நாளாகும். எப்படியும் நகர வேண்டிய வேலை இல்லையே. நீ என்ன சொல்றே?"

அவளுக்கு வெட்கமாம்.

தொண்ணூற்றாறு. அவள் கருவியில் ஒரு கோளாறும் இல்லை, எனக்குத் தெரியும். உமையாள் கட்டிய கருவி பொய் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. கண்ணாடி உடைந்திருக்கிறது. பெரியவளின் சுழற்சி சாய்ந்திருக்க வேண்டும், சரிந்து சுற்றும் பம்பரம் மாதிரி. அப்படியானால் தளமே தள்ளாடும், மேலும் கீழும் சமமாக இருக்காது. என் விதி பொய்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். நாலு சதவீதம்தானே, கருவி இரைச்சலில் வரும் பிழையாகக்கூட இருக்கலாமே என்று எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன். கடைசியில் அனுப்பியது இதுதான்: "நல்ல யோசனைதான். செஞ்சு பாருங்க."

அந்த எஞ்சினை அணைத்தது நான்தான். ஹாஜிராவின் கை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இணைவுக்கு 9 நாள் முன். 07:30

எஞ்சின் சில்லிட்டுக் கிடக்கிறது. அதிர்வே இல்லை. உமையாளின் எண் தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றிரண்டாக இறங்கிவிட்டது. அவள் கருவியை இரண்டு முறை பிரித்து மாட்டிவிட்டாள். நேற்றைய செய்தியில், "ஹாஜிராகிட்ட எரிஞ்சு விழுந்துட்டேன், பாவம் அந்தப் பொண்ணு, அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு போலருக்குடி. வயசாயிருச்சோ என்னமோ" என்றாள்.

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளுடைய உண்மையான எண்களைப் போட்டு, மடிக்காமல், முதன்முறையாக நேர்மையாகக் கணக்குப் போட்டேன். அலை வடக்கே அதிகம் போகிறது, தெற்கே குறைவு. துப்பாக்கி வெடித்தால் தோளை உதைக்கும் அல்லவா, அதே மாதிரி இணைந்த துளை எதிர்ப்பக்கம் உதைபடும். எதிர்ப்பக்கம் தெற்கு. வேகம் நொடிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். இணைந்த எண்பத்தெட்டாவது மணி நேரத்தில் அது தெற்குக் கப்பல் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும். கூடவே கொதிக்கும் வாயு, சுற்றிலும் இருபது லட்சம் கிலோமீட்டர். துளை தன் பக்கம் இழுப்பதையும் சேர்த்தால், தப்பிக்க முப்பத்தைந்து லட்சம் கிலோமீட்டர் ஒதுங்க வேண்டும். மூன்று தடவை சரிபார்த்தேன். பத்துக்கு எட்டு வாய்ப்பு அப்படித்தான்.

சேர்மதுரைக்கு அனுப்பினேன்: "தம்பி, எதுக்கும் எஞ்சினைச் சூடேத்தி வையி. பாதுகாப்புக்குக் கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க."

எதுக்கும். ஒரு கப்பலே போகப் போகிறது, இந்த எழுத்துக்காரிக்கு வந்த வார்த்தை எதுக்கும்.

அதே நாள். 10:20

சேர்மதுரை: "அக்கா, கோவிச்சுக்காதீய. காரணம் சொல்லணும்லா? எரிபொருளை இப்ப எரிச்சா வீட்டுக்குப் போவ ஆறு வருஷம் கூட ஆவும். எம் மவளுக்கு இப்ப எட்டு வயசு. உமையாக்கா அளவையும் கெடுத்த மாதிரி ஆயிரும். நீங்க அளந்ததுன்னு சொன்னதை நம்பித்தான நிக்கோம். ஏதும் மாறிருக்கா? மாறிருந்தா சொல்லுங்க, இப்பவே கெளப்புதேன்."

எவ்வளவு நேர்மையான கேள்வி. "மாறிருக்கு" என்று ஒரு வார்த்தை போதும். "பாத்துச் சொல்லுதேன்" என்று அனுப்பினேன். பிறகு படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இந்தக் கப்பலில் என்னைப் பார்க்க ஆள் கிடையாது. ஆனாலும் முகத்தை மூடிக்கொண்டுதான் படுத்தேன்.

இணைவுக்கு 8 நாள் முன். 08:00

அனுப்பிவிட்டேன். எழுதி வைத்து வாசித்தால் அழகுபடுத்திவிடுவேன் என்று பயந்து, ஒலிவாங்கியை எடுத்து நேரடியாகப் பேசிவிட்டேன். நகல்:

"சேர்மதுரை, உமையாள், ஹாஜிரா, மூணு பேரும் சேந்து கேளுங்க. தெற்குப் பக்கத்தை நான் அளக்கல. மடிச்சேன். வட்டத்தை எல்லாம் கறுப்பாக்குனேன். அஞ்சல் கோள்ல கருவியே கிடையாது. உமையாள், ஒன் கருவி சரி. ஒன் கை சரி. மொதல் நாள்லருந்தே சரி. தொளை தெக்கதான் வரும். எஞ்சினை உடனே சூடேத்துங்க. எனக்கு நேத்தே தெரியும். அதுக்கு முன்னயே தெரியும். என் பேரு போயிருமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

சின்ன வயதில் பனிமய மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்வேன். பாதிரியாரைக் கூசிக் கூசிப் பார்ப்பேன், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்துவிடும். இங்கே போக எழுபது நிமிடம், வர எழுபது நிமிடம்.

அதே நாள். 10:50

சேர்மதுரை: "செய்தி கெடச்சுது. எஞ்சின் சூடேத்த ஆரம்பிச்சாச்சு. இனி எனக்கு எண்ணு மட்டும் அனுப்புங்க." அக்கா என்ற வார்த்தை இல்லை.

உமையாளிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஏழு நாள் சூடேறினால் இணைவுக்கு ஒரு நாள் முன் எஞ்சின் கிளம்பும். துளை வருவதற்குள் அவர்கள் ஒதுங்கியிருப்பது பதினாறு லட்சம் கிலோமீட்டர். வேண்டியது முப்பத்தைந்து. எஞ்சின் குளிராமல் இருந்திருந்தால் இன்றே கிளம்பி ஒரு கோடி கிலோமீட்டர் ஒதுங்கியிருப்பார்கள். நான்தானே நல்ல யோசனை என்றேன்.

இணைவுக்கு 5 நாள் முன். 14:30

ஹாஜிராதான் பேசுகிறாள். "ரோஸ்லின் அக்கா, எஞ்சின் கொழாயில பாதியை மட்டும் சூடேத்திப் பாத்தேன், தாங்குது. ஏழு நாளை ஆறாக் கொறச்சிரலாம், இன்ஷா அல்லாஹ். கப்பலையும் எடை கொறைக்கிறோம். கட்டிலு, அலமாரி, தண்ணித் தொட்டி ஒண்ணு, எல்லாம் வெளியில போயிருச்சு. கருவிதான் பெரிய எடை. கேக்கவே கூசினேன். உமையாக்காவே வந்து, மொதல்ல அதைத் தூக்கிப் போடும்மான்னு சொல்லிட்டாவ. மூணு பேருமா தள்ளி விட்டோம்."

பன்னிரண்டு வருடம் கட்டினாள் அந்தக் கருவியை. கம்பி ஒவ்வொன்றுக்கும் அவள் பேர் வைத்திருந்தாள் என்று விடுதியில் கேலி செய்வோம். இனித் தெற்கிலிருந்து இணைவை யாரும் அளக்கப் போவதில்லை.

புதுக் கணக்கு: இருபத்தாறு லட்சம். இன்னும் ஒன்பது குறைகிறது. நான் அனுப்பும் எண்களை அவர்கள் இப்போது தாங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சரிதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

இணைவுக்கு 2 நாள் முன். 08:15

எஞ்சின் பிடித்துவிட்டது. ஹாஜிராவின் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்டது. நகர்கிறார்கள்.

அதே செய்தியின் கடைசியில் அவள் இதையும் சொன்னாள்: "கணக்குப் போட்டுப் பாத்தேன்க்கா. ஒரு நாள் முன்னாடி சூடேத்த ஆரம்பிச்சிருந்தா முப்பத்தாறு லட்சம் வந்திருக்கும். ஒரே ஒரு நாள்." குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. கணக்கு அப்படி வருகிறதே என்று ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னாள்.

அந்த நாள் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒன்பதாம் நாள். "எதுக்கும்" என்று நான் எழுதிய நாள். "பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்த நாள். முப்பத்தாறு வந்திருக்கும், முப்பத்தைந்து போதும். ஒரு லட்சம் மிச்சம் வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் கழிவறைக் குழாயைச் சுத்தியால் அடித்து உடைத்தேன். பிறகு நானே உட்கார்ந்து துடைத்தேன்.

இணைவு. 16:02:41

இணைந்துவிட்டன. இந்த நேரம் கணக்குப்படி. அலை எனக்கு வந்து சேர முப்பத்து மூன்று நிமிடம் ஆனது.

மூன்று சூரியன் எடை முழுக்க அலையாகிப் போயிற்று. அது என் எலும்பு வழியாகத்தான் போனது, மேசையில் இருந்த தேநீர்கூட அசையவில்லை. திரையில் மட்டும் கோடு ஏறியது. ஏறி, நெருங்கி, நெருங்கி, ஒரு சிலிர்ப்பு, பிறகு மணி அடித்து ஓய்வது போல அடங்கியது. எடையும் சுழற்சியும் மட்டும்தான் மிச்சம். பெரியவளும் இல்லை, சின்னவளும் இல்லை, யார் எப்படிச் சாய்ந்திருந்தாள் என்ற விவரமெல்லாம் அதற்கு மறந்தாயிற்று.

உண்மையை எழுத வேண்டும். அந்த அரை நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுந்து நின்று கை தட்டினேன். இருபது வருடம் காத்திருந்த அலை, எவ்வளவு சுத்தமாக வந்தது தெரியுமா. பிறகு தட்டிய கையைப் பார்த்தேன். சீ, என்ன ஜென்மம் நான்.

நகர்வு தெற்கு. வேகம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

இணைவுக்குப் பின் 1 நாள். 13:00

என் நிலைமை பற்றி, பதிவுக்காக. நான் விழுந்து வேகம் பிடிக்க வேண்டிய துளை இப்போது என்னை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இழுக்க ஆளில்லை. இங்கேயே தொங்குவேன். எரிபொருள் வீட்டுக்குப் போதாது. உணவு நான்கு வருடத்துக்கு இருக்கிறது. இது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

இணைவுக்குப் பின் 2 நாள். 09:20

உமையாள் பேசினாள். பத்து நாளுக்குப் பிறகு.

"ரோஸ்லின்." முழுப் பெயர். "நீ மடிச்சதுகூட எனக்குப் பெருசாத் தெரியலை. ஆசைல பண்ணிட்டே, போ. நான் தேதி போட்டுப் பாத்தேன். ஏழு நாள் என் கருவியச் சந்தேகப்பட்டேன். என் கையச் சந்தேகப்பட்டேன். ராத்திரி பகலாப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேன். கிழவியாயிட்டேன்னு உன்கிட்டதான் சொல்லி அழுதேன். நீ அதைக் கேட்டுக்கிட்டே இருந்தே. ஒரு வாய் ஆறுதல்கூடச் சொன்னே, ஓய்வெடு உமைன்னு. அதைத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியலை. வேற ஒண்ணும் இல்லை. சாப்பிட்டுக்க."

ஓய்வெடு உமை என்று நான் சொன்னது உண்மை. அதை இந்தப் பதிவேட்டில் எழுதாமல் விட்டிருந்தேன். பாருங்கள், இங்கேயும் விட்டிருக்கிறேன்.

பதிலுக்கு என்ன சொல்வது. மன்னித்துக்கொள் என்று சொன்னால், சாகப் போகிறவளிடம் இன்னும் ஒன்று கேட்பதாகிவிடும். "ஒன் எண்ணு சரின்னு ஊருக்கு அனுப்பிட்டேன். ஒன் பேருலதான் அனுப்பிருக்கேன், எம் பேரு அதுல இல்ல" என்று மட்டும் அனுப்பினேன்.

இணைவுக்குப் பின் 3 நாள். 15:05

இவ்வளவு நேரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருந்தோம். ஒதுங்கியது இருபத்தாறு லட்சத்து நாற்பதாயிரம். வாயு ஓரத்தில் மெலிசாக இருக்கலாம் என்று ஹாஜிரா நம்புகிறாள். சேர்மதுரை கடைசியாகப் பேசினான்.

"வெளிச்சம் தெரியுது. சின்னதா ஒரு வெள்ளை, அவ்வளவுதான். ஹாஜிரா தொழுதுட்டு வந்துட்டா. உமையாக்கா சீட்டுக்கட்டை எடுத்து வச்சிருக்காவ, என்னையத் தோக்கடிச்சுட்டுதான் மத்ததுன்னு சொல்லுதாவ. அக்கா," அக்கா என்றான், "எங்க வூட்டுக்குச் சொல்லும்போது விபத்துன்னு சொல்லிராதீய. நடந்ததை நடந்த மாதிரிச் சொல்லுங்க. எம் மவ பெரிசானா கேப்பா. அவளுக்குப் பொய் புடிக்காது."

சொல்லிவிட்டேன். இந்தப் பதிவேட்டின் நகலை முழுக்க ஊர்ப்பக்கம் அனுப்பிவிட்டேன். போய்ச் சேரும்போது அவளுக்குப் பதினைந்து வயது.

இணைவுக்குப் பின் 4 நாள். 08:02

எண்பத்தெட்டு மணி நேரம். இந்நேரம் கடந்திருக்கும். எனக்குத் தெரிய இன்னும் எழுபது நிமிடம்.

09:12

தெற்கிலிருந்து சைகை இல்லை.

10:30

இல்லை.

13:00

இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். சேர்மதுரை. ஹாஜிரா. உமை. பதில் வராத எழுபது நிமிடத்துக்கும் பதில் வரும் எழுபது நிமிடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல், ஒவ்வொரு முறையும் கடைசி வரை உட்கார்ந்து பார்க்கிறேன்.

15:14

உயிரோடு இருக்கிறார்கள்!

நிலவரப் பலகையில் தெற்கு வரி திரும்ப எரிகிறது. பச்சை. காற்று ஒழுங்கு. தண்ணீர் ஒழுங்கு. இதயத் துடிப்பு ஓடுகிறது. மாதாவே, மாதாவே. வாயு மெலிசாகத்தான் இருந்திருக்கிறது. ஹாஜிரா சொன்னாள். அந்தப் பெண் சொன்னாள்.

15:31

பலகையில் தெற்கு வரியில் ஆட்கள்: 1.

ஒருவர். யார்? துடிப்பு நூற்றுப்பதினெட்டு. மிக வேகம். பயந்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சரி. உமை, நீயா? தண்ணீர் தொண்ணூற்றேழு விழுக்காடு, காற்றழுத்தம்

15:40

கழிவறைக் குழாய் பழுது என்றும் அந்த வரியில் இருக்கிறது.

16:20

எழுத வேண்டும். எழுதுகிறேன்.

போன மாதம் நான் மடித்தபோது நிரல் ஒரு கேள்வி கேட்டது. தெற்கிலிருந்து ஆறு மணி நேரம் தகவல் வராவிட்டால் வடக்கிலிருந்து மடித்து நிரப்பலாமா, அலைக்கு மட்டுமா, காற்று, தண்ணீர், துடிப்பு என்று மற்றப் பத்திகளுக்குமா? அவசரத்தில் இருந்தேன். ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யச் சோம்பல். எல்லாவற்றுக்கும் என்று அழுத்தினேன்.

கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். நூற்றுப்பதினெட்டு.

இணைவுக்குப் பின் 7 நாள்

நேரம் போடவில்லை. அஞ்சல் கோள் பழையபடி சுற்றுகிறது. சைகை இல்லை.

அணைக்க ஒரே ஒரு சொடுக்குப் போதும், எந்த இடம் என்றும் தெரியும். மூன்று நாளாகக் கையை அங்கே கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்புகிறேன். அணைத்தால் தெற்கு வரி காலியாகிவிடும். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் முடியவில்லை. தூங்கினால் அங்கேயும் துடிப்பு இறங்குகிறது. நேற்று மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்

சாப்பிட்டுக்க என்றாள். சாப்பிட்டேன் உமை.

இதை எடுத்துப் படிப்பவரே, கப்பலைக் கண்டுபிடிக்கும்போது அந்தப் பலகை இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம். தெற்கில் ஒருவர் உயிரோடு இருப்பதாகக் காட்டலாம். தேடிப் போகாதீர்கள். அங்கே யாரும் இல்லை. அது நான்.